அந்த வாக்குறுதி ஒருதலையானது

இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன, அதனால் போர் மூண்டாலும் அணுகுண்டு வரை போகாது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை.

முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியா தானாக அறிவித்த கொள்கை. பாகிஸ்தான் அந்த வாக்குறுதியைத் தந்ததே இல்லை. 2011 ஏப்ரலில் நஸ்ர் ஏவுகணையைச் சோதித்தபோது, 60 கி.மீ. வரை பாயும், அணு ஆயுதமும் சுமக்கும் என்று அந்நாட்டு ராணுவமே சொன்னது. இவ்வளவு குறைந்த தூரம் என்றால் இலக்கு நகரம் அல்ல, எல்லை தாண்டி வரும் படைதான். இந்தியக் கொள்கையோ, தன் படை எங்கே இருந்தாலும் அதன் மீது அணு ஆயுதம் விழுந்தால் பதிலடி மிகப் பெரியதாக இருக்கும் என்கிறது. ஆபத்து தொடங்கக்கூடிய இடமே அதுதான்.

குழப்பத்துக்குக் காரணம் 1988 டிசம்பர் 31 ஒப்பந்தமாக இருக்கலாம். அது பரஸ்பரம் அணு நிலையங்களைத் தாக்கக் கூடாது என்பதற்கு மட்டும். ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் பட்டியல் பரிமாறிக்கொள்வது இதன்படிதான்.

சரிபார்ப்பது எளிது. இந்தியாவின் இந்த அணு ஆயுதக் கொள்கையைச் சொல்லும், 2003 ஜனவரி 4 தேதியிட்ட மத்திய அரசின் செய்திக்குறிப்பு வெளியுறவு அமைச்சகத் தளத்தில் இருக்கிறது, ஒரு பக்கம்தான். பெரிய உயிரியல், ரசாயனத் தாக்குதல் நடந்தால் அணு ஆயுதத்தால் பதிலடி தரலாம் என்று விதிவிலக்கு வைத்திருப்பதையும் அதிலேயே படிக்கலாம்.