போனோடு வண்டி ஓட்டுகிறவருக்காக ஏன் பரிந்து பேசுகிறீர்கள்?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காதில் போனோடு மோட்டார் சைக்கிளில் வந்தவரைப் பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதுகிறது. கீழே எங்கள் சனம் எழுதியிருப்பதை வாசித்து எனக்கு நித்திரையே வரவில்லை. ‘பாவம் பெடியன்’, ‘பொலிசுக்கு வேறு வேலை இல்லையா’, ‘ஒரு நிமிசக் கதைக்கு இவ்வளவா’.

ஒரு நிமிசம் வேண்டாம், மூன்று செக்கன் எடுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அந்த மூன்று செக்கனில் வண்டி 40 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் அந்த 40 மீற்றருக்குள் எத்தனை ஒழுங்கை வாசல்கள், ரியூசன் விட்டு வருகிற எத்தனை சைக்கிள்கள்!

என் அப்பாவும் சைக்கிளில்தான் போனார், வீதிக் கரையோரமாகத்தான் போனார். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக் கதைத்தபடி வந்தவர் பின்னால் இடித்தார். தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். கோயில் வீதியைச் சுற்ற இன்றைக்கும் அப்பாவுக்குப் பொல்லு வேண்டும். இடித்தவர் ஆஸ்பத்திரியில் வந்து சொன்னது, ‘அவசரமான கோல் ஐயா’. அவசரம் என்றால் ஓரத்தில் நிற்பாட்டிக் கதைத்திருக்கலாமே தம்பி?

பொலிஸ் லஞ்சம் வாங்குகிறது என்பீர்கள். சரி, வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்காகப் போன் பிடித்தவர் குற்றவாளி இல்லை என்றாகிவிடுமா? நாட்கூலிக்குப் போகிறவருக்குத் தண்டம் பெரிய காசு என்பது உண்மைதான், அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அவர் இடிக்கப் போவதும் அவரைவிட வசதி இல்லாத ஒரு சைக்கிள்காரரைத்தான். ‘புளூடூத்தில் கதைத்தால் பரவாயில்லையா’ என்று கேட்காதீர்கள். கை சும்மா இருந்தாலும் மனம் கதையோடு போய்விடுகிறது.

லண்டன் உறவுகளும் ‘பாவம்’ என்று எழுதியதுதான் தாங்கவில்லை. அங்கே 2017 முதல் போனைக் கையில் பிடித்தால் 200 பவுண்ட் தண்டம், லைசன்சில் 6 தண்டப் புள்ளிகள். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருசம் ஆகாதவருக்கு அந்த 6 புள்ளிகளோடு லைசன்சே போய்விடும். 2022இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். சிவப்பு விளக்கில் நின்றபடி படம் எடுத்தாலும் குற்றம்தான். அங்கே போனைத் தொடப் பயப்படுகிறவர்கள், இங்கே வாடகைக் கார் எடுத்து நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் வீடியோ கோலில் கதைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். எங்கள் உயிர் அவ்வளவு மலிவா?

பொலிசைத் திட்டுகிறவர்கள் கீழே வந்து திட்டுங்கள். தண்டத்தைக் குறைக்கச் சொல்லி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் கூட்டத்தான் சொல்லுவேன்.