படிக்கட்டில் ஓடிய பெண்ணைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

அந்தப் படிக்கட்டு வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள். மூன்று நாளில் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். நிலநடுக்கத்தில் டெல்லி லேசாக ஆடியதும் நைட்டியோடு, இடுப்பில் குழந்தையோடு, செருப்புகூடப் போடாமல் அந்தப் பெண் இறங்கி ஓடுகிறாள். அடுக்குமாடி சிசிடிவியில் பதிந்ததை எவரோ எடுத்துக் காமெடி இசை சேர்த்துவிட்டார்கள். எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா ஒருவர் "நாலு ரிக்டருக்கே இந்த ஓட்டமா" என்று போட, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

குஜராத் நிலநடுக்கம் வந்த 2001 ஜனவரி 26 அன்று நாங்கள் அகமதாபாத் மணிநகரில் இருந்தோம். நாலாவது மாடி. எனக்கு 11 வயது. முந்தின நாள் காய்ச்சல் அடித்ததால் கொடியேற்றத்துக்குப் போக வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். காலை 8:46. முதலில் கனமான லாரி தெருவில் திரும்புகிற மாதிரி சத்தம். அப்புறம் அடுக்களைத் தட்டில் இருந்த எவர்சில்வர் பாத்திரம் மொத்தமும் தரையில். அம்மா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஒரு வாரம் தோள் வலித்தது. எதிர்வீட்டு குஜராத்திப் பாட்டி "பாகோ, பாகோ" (ஓடுங்கள், ஓடுங்கள்) என்று கத்திக்கொண்டே இருந்தார். படிக்கட்டு ஜன்னல் கண்ணாடி நொறுங்கிப் படியெல்லாம் கிடந்தது. அம்மா வெறுங்காலோடு நாலு மாடியும் இறங்கினாள். கீழே வந்த பிறகுதான் ரத்தம் தெரிந்தது.

நிலநடுக்கத்தின் மையம் குஜராத்தின் மேற்கே கச்சில், எங்களுக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அப்படியிருந்தும் அகமதாபாத்தில் மட்டும் 700 பேருக்கு மேல் செத்தார்கள். வண்டி நிறுத்தக் கீழ்த்தளத்தில் வெறும் தூண்களை மட்டும் விட்டுக் கட்டியிருந்த மாடிக் கட்டடங்கள் சில, தூண் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டன. கச்சில் இருக்கும் அஞ்சார் ஊரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள்மேல் குறுகிய தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள் சரிந்தன. கையில் கொடியோடு போன குழந்தைகள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஆட்டம் நின்றுவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? வாரக்கணக்கில் மைதானத்தில், அந்தக் குளிரில் தூங்கினோம். இன்றைக்கு ராத்திரி பெரிசாக வரப்போகிறதாம் என்று தினமும் ஒரு வதந்தி. வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அம்மா பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டாள். கதவின் மேல் ஒரு துண்டு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஊர் மாறிவிட்டோம், வீடு மாறிவிட்டோம், இன்றைக்கும் அந்தத் துண்டுதான் தாழ்ப்பாள். அவளை யாராவது கோழை என்று சொல்வீர்களா? எங்கள் வீட்டில் அவளைப் போல தைரியமான ஆள் கிடையாது. இது பயந்த சுபாவம் இல்லை, உடம்பில் தங்கிவிட்ட ஞாபகம்.

ஜப்பானில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. ஜிஷின்-யோய். தரை ஆடாதபோதும் ஆடுகிற மாதிரி தலை சுற்றும் மயக்கம். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே ஏராளமானோர் இதைச் சொன்னார்கள். பெயர் இருந்தால் வாய்விட்டுச் சொல்லலாம், டாக்டரிடம் போகலாம். நம்மிடம் அதற்கு இருப்பது சிரிப்புப் பொம்மை.

ஜப்பான்காரன் மேஜைக்கு அடியில் அமைதியாக உட்காருகிறானே, இவள் ஏன் ஓடுகிறாள் என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். சரி, ஆட்டத்தின் நடுவே படிக்கட்டில் ஓடுவது ஆபத்துதான், ஒத்துக்கொள்கிறேன். குனிந்து, மேஜைக்கு அடியில் ஒதுங்கி, அதன் காலைப் பிடித்துக்கொள்வதுதான் சரி. ஆனால் 1923-இல் டோக்கியோ பக்கம் லட்சம் பேருக்கு மேல் பலிகொண்ட அந்த செப்டம்பர் 1-ஆம் தேதியை நினைவில் வைத்து அவர்கள் வருஷா வருஷம் பயிற்சி செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்கு மேல் இருக்கும் கூரையை நம்புகிறார்கள். தன் கட்டடத்தில் கம்பி எத்தனை, சிமென்ட் எத்தனை என்று அந்தப் பெண்ணுக்கு எவன் சொன்னான்? கட்டினவனைக் கேட்காத கேள்வியை ஓடுகிறவளிடம் ஏன் கேட்கிறீர்கள்?

நாலுதானே என்கிறவர்களுக்கு: ரிக்டர் எண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 32 மடங்கு கூடும், நாலு சின்னதுதான். ஆனால் அது நாலோடு நிற்கும் என்று முதல் நொடியில் யாருக்குத் தெரியும்? நீங்கள் செய்தி பார்த்த பிறகு சிரிக்கிறீர்கள். அவள் செய்தி வருவதற்கு முன்னால் ஓடினாள்.

"எல்லாம் பாவத்தின் சம்பளம்" என்று எழுதிய பெரியவரே, உங்களுக்கும் ஒன்று. 1934 ஜனவரியில் பீகார் குலுங்கிப் பல்லாயிரம் பேர் செத்தபோது, தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தியே திருநெல்வேலியில் அதைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று பேசினார். தாகூர் அதை வெளிப்படையாகவே மறுத்து எழுதினார், காந்தியும் தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே அந்த மறுப்பை வெளியிட்டார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்ற தவிப்பில் சொன்ன வார்த்தையே அங்கே செத்தவர்களுக்கு அநியாயம் என்றால், உங்கள் வார்த்தை எதில் சேர்த்தி? கொடியோடு போன பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும். இல்லை, மன்னிக்க வேண்டாம்.

"நீ எல்லாவற்றையும் சீரியஸா எடுத்துக்கிறே" என்று தோழி சொன்னாள். ஆமாம், எடுத்துக்கொள்கிறேன். ஓடுகிற எல்லோருக்கும் பின்னால் ஒரு அகமதாபாத் இருக்காதுதான். அந்தப் பெண்ணுக்கு இருந்ததா என்று எனக்கும் தெரியாது. இல்லாவிட்டாலும் சிரிக்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உயிருக்கு ஓடுகிற ஒருத்தி அவள். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள், அவள் முகம் தெரிகிறது.

நேற்று ராத்திரி அம்மாவும் பார்த்துவிட்டாள், அதே குடும்பக் குழுவில்தான். சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தாள். அப்புறம் போனை என்னிடம் நீட்டி, "செருப்பு போடாம ஓடுதே இந்தப் பொண்ணு, படியில கண்ணாடி கிடந்திருந்தா?" என்றாள்.