பொலிஸ் நிலையக் கூரைக்கு ஊரில் காசு சேர்க்காதீர்கள்

கடைவீதியில் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் சுற்றுகிறது. எங்கள் மலையக டவுன் பொலிஸ் நிலையத்தைத் திருத்தப் போகிறார்களாம். கூரை ஒழுகுகிறது, மேல்மாடியில் நனையாத மூலை இல்லை, வர்த்தகர்கள் இயன்றதைத் தாருங்கள் என்கிறார்கள். புத்தகத்தோடு வந்தவர்கள் எல்லோரும் தெரிந்த முகங்கள், நல்ல மனிதர்கள். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள். கடை வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கட்டடம் மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அநுராதபுரத்திலிருந்தும் அம்பாறையிலிருந்தும் மாற்றலாகி வருகிற பொலிஸ்காரர்கள் ஜூலைக் குளிரில் பூஞ்சணம் பிடித்த சுவருக்குப் பக்கத்தில் படுத்து எழும்புகிறார்கள். காயாத சீருடையோடு வேலைக்குப் போகிறார்கள். பீலி உடைந்து எத்தனையோ காலம். மழை பிடித்தால் தண்ணீர் முறைப்பாடு எழுதும் மேசைக்குப் பின்னால் சுவரோடு இறங்கும். முறைப்பாட்டுப் புத்தகத்தின் பாதியைப் பொலித்தீனால் மூடிக்கொண்டு மறுபாதியில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். திருத்தத்தான் வேண்டும். யார் காசில் என்பதில்தான் என் வழக்கு.

அந்த நிலையத்து வராந்தாவில் ஒரு வாங்கு இருக்கிறது. சாய்மானத்தில் சிவப்புப் பெயின்டில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, கீழே டவுனில் சாராயக் கடை நடத்துகிறவரின் பெயர். குடித்துவிட்டு அடிக்கிற புருசனைப் பற்றிச் சொல்ல, அன்றைய பேரை (நாட்சம்பளத்தை) விட்டுவிட்டு, தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண் அந்தப் பெயரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் காத்திருக்க வேண்டும். கடைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. லைசன்ஸ் எடுத்துத்தான் தொழில் செய்கிறார். ஆனால் அவர் கடை நேரம் கடந்தும் திறந்திருக்கிறது என்று முறைப்பாடு கொடுக்கப் போகிறவருக்கும் அதே வாங்குதான்.

வாங்கு சின்ன விஷயம், விடுங்கள். இப்போது கேட்பது கூரைக்கு. கூரை போட்டுத்தரக்கூடிய கை யாருடையது? டிப்பர் வைத்திருப்பவர், கல்குவாரிக்காரர், ஹோட்டல் முதலாளி, தோட்ட நிர்வாகம். நாளைக்குத் தோட்டத்தில் ஒரு தகராறு என்றால் துரையும் தொழிலாளியும் போய் நிற்பது ஒரே மேசைக்கு முன்னால். நிலையப் பொறுப்பதிகாரி (ஓ.ஐ.சி.) தங்கமானவராகவே இருக்கட்டும். தலைக்கு மேலே உள்ள தகரம் யார் தந்தது என்று தெரிந்த தொழிலாளி என்ன நினைப்பான்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆஸ்பத்திரிக்குக் கட்டில் கொடுங்கள், பாடசாலைக்கு மேசை கொடுங்கள், நானும் தருகிறேன். அங்கே எதிராளி என்று ஒருவர் கிடையாது.

“சரி, அரசாங்கம் தராவிட்டால் நனைந்துகொண்டே இருக்கட்டுமா?” என்று கேட்டார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. நகர சபையிடம் கேட்டுப் பலனில்லை, பொலிஸ் அவர்கள் விடயம் இல்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் என்று எழுதி வைத்தது, அது எந்த மாகாணத்துக்கும் கைக்கு வந்து சேரவில்லை. ஆகவே காசு திறைசேரியிலிருந்து அமைச்சுக்கும், அங்கிருந்து பொலிஸ் தலைமையகத்துக்கும் வந்து, பிறகுதான் மலையேற வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த வரிசை இன்னும் நீண்டுவிட்டது.

ஆனால் காசு இல்லாதது பாதிக் கதைதான். வருகிற காசும் தப்பான மாதத்தில் வருகிறது. அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு அதோடு போய்விடும். மதிப்பீடு, விலைமனு, அங்கீகாரம் என்று எல்லாம் ஓடி முடிந்து கொந்தராத்துக்காரர் கைக்கு வேலை வரும்போது பெரும்பாலும் மே, ஜூன். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் அந்த நேரத்தில் எந்தப் புத்தியுள்ளவனாவது கூரையைக் கழற்றுவானா? தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. எங்களுக்குக் கூரை வேலைக்கு ஏற்ற மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது காசு வந்திருக்காது. பிறகு டிசம்பரில் ஓட்டமும் நடையுமாக ஈரச் சுவரில் பெயின்ட் அடித்து பில் போடுவார்கள். அடுத்த மழைக்கு அது கொப்பளித்து உதிரும். பதுளைப் பக்கம் கணக்கு வேறு, அங்கே வடகீழ்ப் பருவமழை. கொழும்பில் இருந்து ஒரே அட்டவணை போட்டால் இரண்டு பக்கமும் கெட்டுப்போகும். எங்கள் பக்க வேலையை இரண்டு நிதியாண்டுக்குப் பிரித்து, முதல் ஆண்டில் விலைமனுவை முடித்துவிட்டு, அடுத்த ஜனவரியில் கூரையைத் திறப்பதில் என்ன கஷ்டம்?

நன்கொடைக் காசு இன்னொன்றும் செய்யும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குத்தான் போகும்: முகப்பு, டைல்ஸ், பெயர்ப்பலகை. வடிகானில் யாரும் பெயர் எழுதுவதில்லை. எங்கள் நிலையம் மேட்டை வெட்டிய இடத்தில் நிற்கிறது, பின்னால் தாங்கு மதில் பிளந்திருக்கிறது. 2025 நவம்பரில் தித்வா புயல் மலையகத்தை என்ன பாடுபடுத்தியது என்று பார்த்த பிறகும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அந்தச் சரிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பெயின்ட் நிறம் பேசுகிறோம். வேலை நடக்கும்போது நிலையம் எங்கே இயங்கும்? சிறைக்கூடு, ஆயுத அறை, வழக்குப் பொருட்கள் எல்லாவற்றையும் எந்த வாடகைக் கட்டடத்தில் பூட்டி வைப்பது? பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வந்தவர்களிடம் கேட்டேன். அது பிறகு பார்க்கலாம் என்றார்கள். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் பேச ஒரு சின்ன அறை வேண்டும் என்றேன். அதுவும் பிறகுதான். (இந்தப் ‘பிறகு’ எந்த மாதத்தில் வரும் என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.)

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாங்கள் பாவிப்பதே குறைவு. அதன் 9ஆம் பிரிவின்படி, உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே மக்களுக்கு அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

நான் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். இந்த நிலையத்தின் திருத்த வேலைக்குக் கடைசியாக எப்போது மதிப்பீடு போட்டீர்கள், எவ்வளவு, அது இப்போது எந்த மேசையில், தாங்கு மதில் அதில் இருக்கிறதா, இதுவரை பெற்ற அன்பளிப்புகளின் பட்டியல் எங்கே. ஐந்தே கேள்வி. பற்றுச்சீட்டு எழுதிக் காசு கொடுத்தவர்களும் இந்த விண்ணப்பத்தில் சேரலாம், கோபமில்லை. வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் போடுகிறேன், அதற்கு முன் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.