மூன்று கூரையும் பதினோரு அடுப்பும்

சனிக்கிழமை பாலாய் ராயா பொது மண்டபத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். அதில் எழுந்து நின்று, எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்று பேசும் மஞ்சள் சேலை என் அம்மா. "ஆன்ட்டி, டேட்டா அப்படிச் சொல்லலையே" என்று சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்ட தம்பி யார், எந்த நிறுவனம் என்று நான் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர் மேல் எனக்குப் பெரிய கோபமும் இல்லை. சிரிப்புப் பொம்மை போட்ட நானூறு பேர் மேல்தான்.

அங்கே இல்லாதவர்களுக்காக ஒரு வரி: ஒரு நிறுவனம் டிரோனை வைத்து இலவசமாகப் போட்டுக் கொடுத்த வெள்ள அபாய வரைபடத்தைக் காட்டிய கூட்டம் அது. திரையில் எங்கள் சுங்கை பினாங்கு ஆற்றோரத்து வீட்டு வரிசையை டிரோனில் எடுத்துப் பெரிதாகக் காட்டினார்கள். படம் அவ்வளவு தெளிவு. கொடியில் காயும் அப்பாவின் பழைய கைலியைக்கூட நான் அடையாளம் கண்டுகொண்டேன், அதை இன்னும் அம்மா கிழித்துத் துடைப்புத் துணி ஆக்கவில்லை. படத்தின் மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை. எங்கள் வரிசை பச்சை. அதாவது அபாயம் குறைவு. பக்கத்தில் சின்ன எழுத்தில் "கட்டடம்: 3".

அந்த வரிசையில் 11 குடும்பங்கள் இருக்கின்றன.

பழைய கம்பத்து (கிராமத்து) வீடுகள் எப்படி வளரும் என்று அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் பின்பக்கம் ஓர் அறை. மகளுக்குப் பிள்ளை பிறந்தால் பக்கவாட்டில் இன்னொன்று. தகரத்தின் மேல் தகரம் ஏற்றி, நடுவில் ஒழுகினால் இன்னொரு தகரம். மேலேயிருந்து பார்த்தால் மூன்று கூரைதான். கீழே வந்து பார்த்தால் பதினோரு வாசல், பதினோரு அடுப்பு, பதினோரு கேஸ் தோம்பு. நீங்கள் கூரையை எண்ணினீர்கள். அடுப்பை எண்ணவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான், ஆனால் இதைச் சொன்னதற்கு "தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்" என்று பட்டம் கிடைத்திருக்கிறது.

ஐயா, எனக்குச் சோறு போடுவதே அந்தத் தொழில்நுட்பம்தான். 19 வருடமாக சர்வே வேலை. ஸ்டாஃப் என்கிற அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றவன், இப்போது டிரோனும் பறக்கவிடுகிறேன். ஒரு படத்தோடு அடுத்த படம் முக்கால்வாசிக்கு மேல் ஒட்டி வருகிற மாதிரி பறக்கவிட்டு, தரையில் குறி போட்ட இடங்களை அளந்து, கணினியில் கோத்து எடுத்தால், பத்து நாள் வேலை ஒரு காலையில் முடியும். அருமையான கருவி. ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த மேற்பரப்பை மட்டுமே அளக்கும். மாமரம் நின்றால் மாமரத்தின் உச்சி, கூரை இருந்தால் கூரையின் முகடு. அதன் அடியில் தரை எங்கே இருக்கிறது என்பதைச் சுற்றியுள்ள வெளியை வைத்துக் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும். லேசர் ஒளியால் அளக்கும் லைடார் வைத்துப் பறந்தால் இலை இடுக்கு வழியாகக் கொஞ்சம் தரை கிடைக்கும், ஆனால் தகரத்தைத் துளைத்துக்கொண்டு அதுவும் போகாது. கிடையளவைவிட உயரத்தில்தான் பிழையும் அதிகம். ஆற்றோர வீட்டுக்கு உயரம்தான் உயிர். ஒரு படிக்கட்டு உயரத்தில் ஒரு வீடு தப்பிக்கிறது, ஒரு வீடு மூழ்குகிறது. எந்த வீட்டுக்காரர் தரையை இரண்டு செங்கல் தூக்கிப் போட்டிருக்கிறார், எவர் போடவில்லை என்பதை எந்த டிரோனும் பார்க்காது. கதவைத் தட்டி உள்ளே போனால்தான் தெரியும்.

ஏன் எங்களுக்குப் பச்சை வந்தது என்றும் எனக்குத் தெரியும். ஆற்றங்கரையைவிட எங்கள் வரிசை கொஞ்சம் மேடு. ஆறு கரை தாண்டினால் தண்ணீர் எங்கே போகும் என்று கணக்குப் போட்டால் எங்களுக்கு முன்பே எதிர்ப்பக்கம் நிறைந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வருவதே இல்லை. கடலில் நீர் ஏறும் நேரமும் மழையும் சேர்ந்துகொண்டால் ஆற்றுக்கு வெளியேற வழியில்லை. அது லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், திரும்பி ஏறும். பின்பக்க லோங்காங்குக்கு ஸ்லாப் போட்டு மூடியிருக்கிறார்கள், அதனால் படத்தில் அது ஒரு நடைபாதை. அங்கிருந்து குளியலறைத் துளை வழியாக வீட்டுக்குள். முதலில் கரப்பான்பூச்சிகள் கூட்டமாக மேலே வரும். அப்புறம் பத்து நிமிடத்தில் கறுப்புத் தண்ணீர். எங்கள் வீட்டில் மழை பெய்தால் யாரும் வாசலைப் பார்க்க மாட்டோம், குளியலறையைப் பார்ப்போம்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவை பினாங்கில் யாரும் மறக்கவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். விடிவதற்கு முன்பே மாநில அரசு ராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியிருந்தது. நான் அப்போது தீவுக்கு எதிரே பெருநிலத்துப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில், இங்கே என் வாசலிலும் தண்ணீர், பாலத்தைத் தாண்டி எப்படிப் போவது? அப்பா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். டிவியைத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாராம். ஃப்ரிட்ஜ் மிதக்கும் என்று அவருக்குத் தெரியாது. அது சாய்ந்தது, டிவி போனது, அப்புறம் போனும் போனது. மறுநாள் மதியம்தான் அவர் குரலைக் கேட்டேன்.

தண்ணீர் வடிந்த பிறகு அப்பா செய்த முதல் வேலை, தச்சுப் பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதியது. தரையிலிருந்து மூன்றடி நான்கு அங்குலம். சாமி மேடையின் விளக்குத் தட்டு இருந்த உயரம். அப்பா 2019இல் போய்விட்டார். தீபாவளிக்குத் தீபாவளி வீட்டுக்குச் சாயம் அடிக்கிறோம், அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் அம்மா தூரிகையை வைக்க விடமாட்டார். அங்கே இன்னும் பழைய நீலம்தான்.

டேட்டா அப்படிச் சொல்லவில்லையாம். என் அப்பா எழுதி வைத்தது என்ன, அப்படியென்றால்?

இன்னொரு விஷயம். "இது 100 ஆண்டு வெள்ளத்தை வைத்துப் போட்டது" என்று அந்தத் தம்பி பெருமையாகச் சொன்னார், விளக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்கிறார், "அப்போ 2117 வரைக்கும் பயமில்லையாப்பா?" சிரிக்கலாம். ஆனால் மண்டபத்தில் பாதிப் பேர் அப்படித்தான் புரிந்துகொண்டு போயிருப்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். 30 வருட வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒரு தடவையாவது வந்துவிட 26 விழுக்காடு வாய்ப்பு. இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. டிரோன் பறக்கும் வீடியோவை இசையோடு ஆறு நிமிடம் போட்டார்கள்.

"இலவசமாகச் செய்து கொடுத்தார்கள், அதிலும் குறையா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடையாது. இலவசமாகக் கொடுத்தால் தப்பாகக் கொடுக்கலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

"ஆற்றோரத்தில் எதற்குக் குடியிருக்கிறீர்கள், பிளாட்டுக்குப் போங்கள்." இதற்கு நல்ல பதில் என்னிடம் இருக்கிறது, ஆனால் எழுதினால் நாகரிகமாக இருக்காது. வீடு எங்களுடையது, நிலம் வேறொருவருடையது, மாதாமாதம் நிலவாடகை கட்டுகிறோம். எழுபதை நெருங்குகிற பெண்ணுக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும் என்று அந்தப் புத்திசாலிகள் விசாரித்துச் சொல்லட்டும். எங்கள் ஆறு எங்கிருந்து வருகிறது என்றாவது தெரியுமா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறீர்களே, அந்த அருவியிலிருந்து இறங்கும் ஆயர் தெர்ஜுன் ஆறு ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்ந்துதான் சுங்கை பினாங்கு ஆகிறது. அங்கே கையெடுத்துக் கும்பிடுகிற தண்ணீர்தான் இங்கே என் அம்மாவின் அரிசிப் பானைக்குள் வருகிறது. மலைச்சரிவை வெட்டிக் கட்டடம் கட்டியவனை யாரும் "நீ ஏன் அங்கே போனாய்" என்று கேட்பதில்லை.

தாருஸ்ஸலாமில், தான்சானியாவில், 2015இல் ரமானி ஹுரியா என்று ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அங்கேயும் டிரோன்தான். ஆனால் அதோடு பல்கலைக்கழக மாணவர்களும் குடியிருப்பு மக்களும் சந்து சந்தாக நடந்து வாய்க்காலையும் வீட்டையும் குறித்தார்கள். அவர்களிடம் நம்மைவிடப் பணம் அதிகமா?

"கணக்கெடுக்க வருகிறோம், ஆற்றோரத்தார் தகவல் தாருங்கள் என்று வாட்ஸ்ஆப்பில் அறிவிப்பு வந்ததே, நீங்கள் எங்கே போனீர்கள்?" இதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், வந்தது. கூலிமில் வேலையில் இருந்தேன், பார்த்தேன், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். தப்புதான். ஆனால் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, இணைப்பைத் தட்டினால் நான்கு பக்கப் படிவம். என் அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். சரி, என் தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக பதினோரு குடும்பம் மூன்றாகிவிடுமா?

வெள்ளம் வந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கருணைத்தொகை தருகிறார்கள். அந்தப் பட்டியலுக்கும் இந்த வரைபடத்துக்கும் தொடர்பில்லை என்பீர்கள். இன்றைக்கு இல்லை. எண் ஒன்று ஒரு தாளில் ஏறிவிட்டால் அது எந்த மேசைக்கெல்லாம் போகும் என்று 19 வருடமாகப் பார்க்கிறேன். படம் எடுப்பதற்காகவே அரிசி மூட்டையோடு வருகிற நம் சங்கத்துத் தலைவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன். அவர்கள்கூட வாசல் வரை வந்து நின்றார்கள், அம்மாவின் பெயரைக் கேட்டார்கள். அப்பாவின் ஈமக்கிரியைக்கு வந்து கடைசி வரை நின்றதும் அவர்களில் ஒருவர்தான், அதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

அம்மா சனிக்கிழமையிலிருந்து அந்த வீடியோவைப் பற்றிப் பேசவில்லை. நேற்று மட்டும், "நான் மைக்கைப் பிடிச்சது தப்பாய்யா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உயரம் அளக்கும் லெவல் மெஷினோடு அங்கே இருப்பேன். பதினோரு வாசல்படியின் உயரத்தையும் லோங்காங்கின் அடிமட்டத்தையும் எடுத்து, அப்பா போட்ட கோட்டையும் சேர்த்து எழுதி அந்த நிறுவனத்துக்கே அனுப்பப் போகிறேன். ஸ்டாஃப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். "பெருசு பொழுதுபோகாம பேசுது" என்று வீடியோவுக்குக் கீழே எழுதினாயே தம்பி, நீ வாயேன். நான்காம் எண் வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர் உன் பெரியப்பாதான். அவரையும் அந்த மூன்றுக்குள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சேர்ந்தே தேடுவோம்.