அக்கா மகனின் முட்டியும் வேலூர் ஆராய்ச்சியும்

அக்கா மகனுக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ, ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதம் உடம்பில் சரியாக உருவாகாத நோய். கீழே விழக்கூட வேண்டாம், கொஞ்சம் வேகமாகப் படியேறினாலே மூட்டுக்குள் ரத்தம் கசியும். நடுராத்திரி எழுப்பி, "மாமா, முட்டி சுடுது" என்பான். வீக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். ஐஸ் வைத்துக் கட்டிவிட்டு, விடிந்ததும் ஃபேக்டர் 8 ஊசி போட ஓடுவோம். இப்போது இருபது வயது. வலது முட்டி பாதிதான் மடங்கும்.

"ஒரே ஊசியில் குணம்" என்று வாட்ஸப்பில் வருவதையெல்லாம் அக்காவுக்கு அனுப்புகிறீர்களே, தயவுசெய்து முழுசாகச் சொல்லி அனுப்புங்கள். 2023இல் இந்த நோய்க்கு அமெரிக்கா அனுமதித்த ராக்டேவியன் என்ற ஜீன் சிகிச்சை மருந்தின் அப்போதைய விலை 29 லட்சம் டாலர். அதை எல்லோரும் எழுதுகிறார்கள். நோயாளியின் ரத்தத்திலேயே இருக்கும் தடையை யாரும் எழுதுவதில்லை.

இந்த மருந்தில், ஏஏவி என்ற வைரஸின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, ஃபேக்டர் 8 ஜீனை வைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறார்கள். இந்த வைரஸால் பொதுவாக நமக்கு நோய் எதுவும் வராது. ஆனால் நம்மில் பலருக்குச் சின்ன வயதிலேயே, நமக்கே தெரியாமல் தொற்றிப் போயிருக்கும். உடம்பு அதை மறப்பதில்லை. மருந்து கல்லீரலைத் தொடுவதற்குள், அந்த வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கி வைத்திருக்கும் ஆன்டிபாடி மடக்கிவிடும். அதனால்தான் முதலில் ரத்தப் பரிசோதனை. ஆன்டிபாடி இருந்தால் மருந்து கிடையாது. போட்டுக்கொண்டவர்களிலும் பலருக்குக் கல்லீரலைக் காப்பாற்ற மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தேவைப்படுகிறது. வருஷம் போகப்போகப் பலன் குறைந்தாலும் மறுபடி போட முடியாது, உடம்பு அதற்குள் உஷாராகியிருக்கும்.

வேலூர் சிஎம்சியில் செய்தது வேறு வழி. நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, லெண்டிவைரஸ் என்ற வேறொரு வைரஸ் மூலம் ஆய்வகத்திலேயே ஜீனைச் சேர்த்து, திரும்ப உடம்புக்குள் ஏற்றினார்கள். வைரஸ் வேலை வெளியிலேயே முடிந்துவிடுவதால் ஏஏவி ஆன்டிபாடி இங்கே குறுக்கே வராது. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது. 5 பேர். எல்லோருடைய கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதம். ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. இதைப் படித்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

5 பேர் ரொம்பக் குறைவுதான். செல்லை ஏற்றுவதற்கு முன், பழைய ஸ்டெம் செல்லை அழிக்கும் கீமோவைத் தாங்க வேண்டும், அது லேசான விஷயமில்லை. அதனால்தான் அரசிடம் கேட்கிறேன்: இதற்குப் பணம் ஒதுக்கி, இன்னும் பெரிய ஆய்வாக, இங்கேயே நடத்துங்கள்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். தேய்ந்துபோன மூட்டு எதிலும் பழையபடி ஆகாது என்பதையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "இடது முட்டியாவது தப்பிக்கும்ல மாமா" என்றான்.