கோல் வித்தியாசம் நான்காவதாகத்தான் வரும்

ஆசியக் கிண்ணக் காற்பந்துத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர், ஹாங்காங்கை அதன் கை டாக் அரங்கிலேயே 2-1 என்று ஜெயித்த 2025 நவம்பர் 18 இரவிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான். "இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்கே? மார்ச் 31ல பங்ளாதேஷ்கிட்ட நாம தோத்து, அதே சுற்றுல ஹாங்காங் இந்தியாவை வெளுத்து வாங்கிட்டா? அவங்களுக்கும் 11 புள்ளி, நமக்கும் 11. கோல் வித்தியாசத்துல கவுந்துட மாட்டோமா?"

மாட்டோம். ஹாங்காங் அன்றைக்குப் பத்து கோல் போட்டாலும் சி பிரிவில் முதலிடம் சிங்கப்பூருக்குத்தான். 2027 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடக்கும் ஆசியக் கிண்ணத்தில் நாம் ஆடப்போவது உறுதி. 1984இல் போட்டியை நாமே ஏற்று நடத்தியதால் இடம் கிடைத்தது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே போவது இதுவே முதல் தடவை. இதைப் பாதிச் சந்தேகத்தோடு கொண்டாட வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

புள்ளிகள் சமமானால் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு முதலில் பார்ப்பது மொத்த கோல் வித்தியாசத்தை அல்ல. சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துக்கொள்வார்கள். அவற்றில் யாருக்குப் புள்ளி அதிகம்? அதுவும் சமமென்றால் அந்த ஆட்டங்களின் கோல் வித்தியாசம், பிறகு அந்த ஆட்டங்களில் போட்ட கோல்கள். இந்த மூன்றிலும் பிரிக்க முடியாவிட்டால்தான் பிரிவின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்த கோல் வித்தியாசம், அடுத்து மொத்த கோல்கள். ஹாங்காங்கோடு மார்ச் 2025இல் நம் காலாங்கில் 0-0, நவம்பரில் அவர்கள் மண்ணில் 2-1. நேருக்கு நேர் கணக்கில் நமக்கு 4 புள்ளி, அவர்களுக்கு 1. பங்ளாதேஷிடம் 5, இந்தியாவிடம் 2 புள்ளிதான், அவர்கள் எட்டிப் பிடிக்க வழியே இல்லை.

குழப்பம் வருவதில் தப்பில்லை. 2026 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது: முதலில் மொத்த கோல் வித்தியாசம், பிறகு மொத்த கோல்கள், நேருக்கு நேர் அதற்கும் பிறகு. 2024 ஜூன் 11இல் பேங்காக்கில் நடந்தது ஞாபகம் இருக்கும். தாய்லாந்து நம்மை 3-1 என்று ஜெயித்தும் வெளியேறியது. சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் 8 புள்ளி, கோல் வித்தியாசம் இரண்டுக்கும் பூஜ்யம், போட்ட கோல்கள் தலா 9. அதன் பிறகே நேருக்கு நேர் பார்த்தார்கள். பேங்காக்கில் 2-1, சொந்த மண்ணில் 1-1 என்றிருந்த சீனா பிழைத்துக்கொண்டது. தாய்லாந்து இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் சீனா காலி. அன்று 11 பந்துகளைத் தடுத்த நம் கோல் கீப்பர் ஹசான் சன்னியின் தெம்பனிஸ் நாசி லெமாக் கடைக்குச் சீன ரசிகர்கள் சாப்பிடாமலேயே பணம் அனுப்பியதும், வேண்டாம் என்று அவரே சொல்ல வேண்டி வந்ததும் இந்த மூன்றாம்படி விதியால் வந்த வினை.

ஆக, எந்தத் தகுதிச் சுற்று, எந்த விதி என்று பார்க்காமல் பட்டியலைப் படிப்பதில் பயனில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இந்தப் பிரிவில் நாம் அதிகம் திட்டிய ஆட்டம் மார்ச்சில் ஹாங்காங்கோடு ஆடிய 0-0. "சொந்த மண்ணில் ஒரு கோல் போட வக்கில்லை" என்று அப்போதைய பயிற்றுநர் ஒகுராவைக் காப்பிக்கடை காப்பிக்கடையாகக் காய்ச்சினோம். பார்க்கச் சலிப்பான ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் அது நல்ல முடிவு. 0-0 என்றால், அங்கே போய் எந்த ஸ்கோரில் ஜெயித்தாலும் நேருக்கு நேர் நமக்கே. அதே ஆட்டத்தில் கடைசி நேரத்தில் ஏறிப்போய் 0-1 என்று தோற்றிருந்தால்? கை டாக்கில் அதே 2-1 வந்திருந்தாலும் இரண்டு அணிக்கும் 10 புள்ளி. நேருக்கு நேர் 3-3, கோல்கள் 2-2, மொத்த கோல் வித்தியாசமும் இருவருக்கும் கூட்டல் 2. மொத்த கோல்களில் ஹாங்காங் ஒன்று முன்னால். மார்ச் 31 வரை நகம் கடித்துக்கொண்டு இருந்திருப்போம்.

உண்மையில் திட்ட வேண்டியது அக்டோபர் 9. இந்தியாவோடு தேசிய விளையாட்டரங்கில். அப்பா ஒரு பக்கம், தேசிய சேவை முடித்த மகன் இன்னொரு பக்கம் என்று நம் வீடுகள் பல இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்த ஆட்டம். முதல் பாதி முடியும் நேரத்தில் இக்சான் ஃபாண்டி கோல். இரண்டாம் பாதி தொடங்கியதுமே இந்தியத் தற்காப்பு ஆட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கனுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு நிற்கும் அணிக்கு எதிராக 40 நிமிடத்துக்கு மேல் 1-0 முன்னிலை. இதில் இரண்டாவது கோலைத் தேடியிருக்க வேண்டும், இல்லையென்றால் பந்தை எதிரணிப் பாதியில் வைத்து நேரத்தைக் கரைத்திருக்க வேண்டும். நாம் இரண்டையும் செய்யவில்லை. 90ஆவது நிமிடத்தில் ரஹீம் அலி போட்டார், 1-1.

அதே நாள் டாக்காவில் ஹாங்காங், பங்ளாதேஷை 4-3 என்று ஜெயித்தது. இஞ்சுரி டைமில் பங்ளாதேஷ் 3-3 ஆக்க, அதற்கும் பிறகு ஹாங்காங்கின் மெர்க்கிஸ் தன் மூன்றாவது கோலைப் போட்டார். ரஹீம் அலி, மெர்க்கிஸ் இருவரின் கடைசி நேரக் கோல்களும் விழாமல் இருந்திருந்தால் நாம் 7, ஹாங்காங் 5. விழுந்ததால் நாம் 5, ஹாங்காங் 7. ஒரே நாளில் நான்கு புள்ளி இடம் மாறியது. ஒரே ஓர் அணி மட்டும் போகும் பிரிவில், ஆறே ஆட்டங்களில், இது மிகப் பெரிய சரிவு.

ஐந்து நாளில் சரியானது பாதி நம் கையால், பாதி பங்ளாதேஷ் புண்ணியத்தால். கோவாவில் சாங்தே கோலால் பின்தங்கி, 44லும் 58லும் சோங் உய் யோங் போட்ட இரண்டு கோல்களில் ஜெயித்தோம். கை டாக்கில் பங்ளாதேஷ் கடைசி நேரத்தில் 1-1 ஆக்கி ஹாங்காங்கைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு அணியும் 8 புள்ளி. நேருக்கு நேர் 0-0, கோல் வித்தியாசம் இருவருக்கும் கூட்டல் 2, ஆனால் ஹாங்காங் 6 கோல், நாம் 5. அந்த ஒரு கோலால் முதலிடம் அவர்களுக்கு. நவம்பரில் கை டாக்கில் சமன் ஆகியிருந்தாலும் அந்த ஒரு கோல் அப்படியே நின்றிருக்கும். கடைசி நாளில் நாம் காலாங்கில் எத்தனை போட்டோம், அவர்கள் இந்தியாவில் எத்தனை போட்டார்கள் என்று இரண்டு திரைகளைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு இருந்திருப்போம். ஹாங்காங்கின் மேட் ஓர் 15ஆவது நிமிடத்தில் கோல் போட்ட பிறகும் நம் பயிற்றுநர் கேவின் லீ அவசரப்படாமல் இருந்து, 64இல் ஷவால் அனுவார், 68இல் இல்ஹான் ஃபாண்டி என்று நான்கு நிமிடத்தில் திருப்பியதன் மதிப்பு அப்போதுதான் புரியும்.

தரவரிசைப்படி அணிகளைப் பானைகளாகப் பிரித்த குலுக்கலில் முதல் பானையில் இருந்தது இந்தியா, நாம் மூன்றாவது பானை. தரவரிசையில் 160ஐ ஒட்டி நின்ற அணி நாம். தரவரிசையை வைத்து யாரையும் இளக்காரமாகப் பேசும் பழக்கத்தை இரண்டு பக்கமும் விட்டால் நல்லது.

2026 மார்ச் 31 பங்ளாதேஷ் ஆட்டம் "சும்மா" என்று டிக்கெட் வாங்காமல் இருக்காதீர்கள். லிட்டில் இந்தியாவின் லெம்பு சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பங்ளாதேஷ் ஊழியர்கள் அரங்கை நிரப்பிவிடுவார்கள். சத்தத்தில் நாம் தோற்கக் கூடாது.

சவூதியில் கணக்கு மறுபடி மாறும். 24 அணிகள், ஆறு பிரிவுகள். முதல் இரண்டு இடங்களோடு, ஆறு மூன்றாம் இடங்களில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். வெவ்வேறு பிரிவில் ஆடியவர்களுக்கு நேருக்கு நேர் கிடையாது. அங்கே மொத்த கோல் வித்தியாசம்தான் ராஜா. பெரிய அணியிடம் 0-2 பின்தங்கினால் ஏறிப்போய் 0-5 வாங்குவதைவிட 0-2இலேயே பூட்டுவது புத்திசாலித்தனம். சென்ற முறை இந்தோனேசியா 3 புள்ளி, கழித்தல் 3 கோல் வித்தியாசத்தோடு உள்ளே போனது. 2019இல் வியட்நாமும் லெபனானும் 3 புள்ளி, தலா 4 கோல் போட்டு 5 வாங்கிச் சமமாக நின்றன. மஞ்சள் அட்டைகளை எண்ணினார்கள்: வியட்நாம் 5, லெபனான் 7. வியட்நாம் போனது. கோல் போட்டுவிட்டு ஜெர்சியைக் கழற்றிச் சுற்றுவது, நடுவரிடம் வாதாடுவது, ஃப்ரீகிக் எடுக்கும்போது பந்துக்கு முன்னால் போய் நிற்பது என்று சும்மா வாங்கும் அட்டைகளை இப்போதே பயிற்சியில் நிறுத்தச் சொல்ல வேண்டும்.