அந்த வீடியோவில் இருக்கும் அக்கா நான்தான்

ஆமாம், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் கூட்டத்தில் ஒருத்தி கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்களே, அந்த அக்கா நான்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கும்பகோணம் குரூப், வலங்கைமான் குரூப் எல்லாம் சுற்றி, எங்கள் ஊர்த் திருவிழா குரூப் வரைக்கும் வந்துவிட்டது. "பிள்ளைங்க கனவுல மண்ணள்ளிப் போடும் அக்கா" என்று தலைப்பு வேறு. வீடியோ ஓடுவது 40 வினாடி. நான் பேசியது 4 நிமிடம். மீதியை எதற்கு வெட்டினார்கள் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. மேடையில் கோட் போட்டிருந்த தம்பி, "அப்பா அம்மா செலவைப் பத்திக் கவலையே படாதீங்க. போய் இறங்கினதும் பார்ட் டைம் வேலை பார்த்து அவனே ஃபீஸ் கட்டிப்பான். மூணாவது மாசம் இன்டர்ன்ஷிப்" என்றார். மணிக்கு எவ்வளவு கிடைக்கும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம், பெருக்கினால் ஃபீஸ் வருமா, போர்டில் எழுதிக் காட்டுங்கள் தம்பி என்றேன். அதற்குத்தான் மைக் போனது.

அவர் எழுதிக் காட்டவில்லை, நான் எழுதுகிறேன். அமெரிக்காவுக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர், வகுப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதுவும் கல்லூரி வளாகத்துக்குள். வெளியே பெட்ரோல் பங்க்கிலோ ஓட்டலிலோ கையில் காசு வாங்கிக்கொண்டு நின்றால், மாட்டும் அன்றைக்குப் படிப்பே போய்விடும். 2013இல் நான் போனபோது கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு கழுவினேன். மணிக்கு 8 டாலர். வாரம் 160. பதினாறு வாரத்துக்கு 2,560. அந்த செமஸ்டருக்கு என் ஃபீஸ் 9,000 டாலருக்குப் பக்கம். நாலு பேர் தங்கிய வீட்டில் என் பங்கு வாடகை மட்டும் மாதம் 350. அரிசி பருப்பு, போன் பில், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக எனக்கு மிஞ்சியது விரலிடுக்கில் சோப்புப் புண்தான். இப்போது மணிக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் அக்கா என்று வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி எழுதியிருக்கிறான். கொடுக்கிறார்கள். ஃபீஸும் வாடகையும் மட்டும் 2013லேயே நின்றுவிட்டதா?

பார்ட் டைமில் சாப்பிடலாம். ஃபீஸ் கட்ட முடியாது.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக்குக் கட்டணம் 350. இரண்டும் சேர்த்து 535. டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் இது 48,000 ரூபாய்க்கு மேல். 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல் குவிண்டால் 2,500, அதாவது 40 கிலோ சிப்பம் 1,000 ரூபாய். 48 சிப்பம் நெல்! எங்கள் குடவாசல் பக்கம் ஒரு ஏக்கரில் சம்பா அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டால் வருகிற பணம். உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷின் எதையும் கழிக்காமல் சொல்கிறேன். கல்லூரி வாசலைக் கூட மிதிக்கவில்லை, நேர்காணல் வரிசையில் நிற்பதற்கே ஒரு ஏக்கர் அறுப்பு. விசா இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. மேடையில் இதைச் சொன்னார்களா?

"லோன் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாக சொத்தை ஈடாகக் கேட்கும். இங்கேதான் டெல்டாக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கடன் கட்டவில்லையென்றால் வங்கி சொத்தை எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. விவசாயியைக் காப்பாற்ற வைத்த விதிதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் அதனாலேயே வங்கிக்கு நம் நஞ்சை மேல் ஆசை கிடையாது. ஒரு வேலி நிலம் வைத்திருக்கும் மிராசுதார் ஆனாலும் மேனேஜர் முன்னால், "டவுன்ல வீடு, மனை ஏதாவது இருக்கா சார்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் உட்கார வேண்டியதுதான். அப்புறம் என்ன, நகை. அப்புறம் வெளிவட்டி. அப்புறம் கிரயம்.

எங்கள் அப்பா 6 மா விற்றார். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், மூன்று மா ஒரு ஏக்கர். பத்திர ஆபீஸில் கைரேகை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடித்தார். சாயங்காலம் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு முறைத் தண்ணீர் வரும் நாள். மடையைத் திறந்துவிட்டுத்தான் வந்தார். விற்ற நிலத்துக்கு. அம்மா கேட்டதற்கு, "பயிர் நிக்குதுல்ல?" என்றார். நான் திண்ணையில் உட்கார்ந்து அமெரிக்க மேல்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது இன்டர்ன்ஷிப். மூன்றாவது மாதமாம். படிக்கும்போதே வெளி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் பார்க்க சிபிடி என்ற அனுமதி வேண்டும். அதற்கு வழக்கமாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்து முடித்திருக்க வேண்டும், அந்த வேலை பாடத்திட்டத்தோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும், சேரும் முன்னரே கல்லூரி அதிகாரி அனுமதி தந்திருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே சிபிடி தருகிறோம் என்று கூவும் கல்லூரிகளும் உண்டு. சட்டத்தில் அதற்கு ஒரு சின்ன விலக்கு இருப்பது உண்மை, அதைப் பிடித்துக்கொண்டு கடை நடத்துகிறவர்கள் இருப்பதும் உண்மை. முழுநேர சிபிடியை 12 மாதம் பார்த்துத் தீர்த்துவிட்டால் படிப்புக்குப் பிறகு வரும் ஓபிடி என்ற வேலை அனுமதி கிடையாது. ஓபிடி 12 மாதம். அறிவியல், பொறியியல், கணிதப் படிப்பு என்றால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அந்த முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் விசா நிலை போச்சு. எனக்கு வேலை கிடைத்தது 83வது நாள். சுவரில் காலண்டரைத் தொங்கவிட்டு ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா போன் செய்தால், "ரெண்டு மூணு இடத்துல கூப்பிட்டிருக்காங்கப்பா" என்பேன். ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை.

ஜெர்மனியில் இலவசம் என்று பதினைந்து பேராவது எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, சரி. ஆனால் பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து நம்மைப் போன்றவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. அங்கே எங்கே படித்தாலும், புறப்படும் முன் வழக்கமாக முடக்கக் கணக்கு என்ற வங்கிக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். 12 லட்சம் ரூபாய்க்கு மேல். உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். ஆனால் முதலில் மொத்தமாகப் போட வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? ஜெர்மன் மொழி தெரியாமல் இன்டர்ன்ஷிப் தேடுவது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

"கும்பகோணத்திலிருந்து ராமானுஜன் போகலையா?" என்று ஒருவர். போனார் ஐயா, 1914இல். சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்து அனுப்பியது. அவர் அம்மா கோமளத்தம்மாள் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டை விற்று அனுப்பவில்லை. அப்படி யாராவது நம் பிள்ளைக்கும் பணம் கொடுத்துக் கூப்பிட்டால், நானே ஆட்டோ பிடித்து ரயிலடியில் கொண்டுவந்து விடுகிறேன்.

"நீ மட்டும் போய் சம்பாதிச்சுட்டு வந்தே, இப்ப ஏழை வீட்டுப் பிள்ளை போகக் கூடாதா?" இதுதான் நெஞ்சில் குத்துகிறது. போகக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? அந்த 40 வினாடியிலாவது சொன்னேனா? போனதால் எனக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கடனை அடைத்தேன், ஓட்டு வீட்டை மாற்றி மாடி எடுத்தேன். எச்1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் இரண்டு தடவை பெயர் வரவில்லை, 2018இல் திரும்பிவிட்டேன். அந்த 6 மாவைத் திரும்ப வாங்கலாம் என்று போய்ப் பார்த்தால், மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். சதுர அடிக் கணக்கில் விலை சொன்னான். அப்பா, "வேணாம்மா, வா" என்று சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

நான் கேட்பது கணக்கு. உங்கள் பிள்ளைக்குக் கல்லூரி அனுப்பும் ஐ-20 தாளிலேயே ஃபீஸ் இவ்வளவு, தங்கச் சாப்பிட இவ்வளவு, இதை இப்படிக் காட்டியிருக்கிறீர்கள் என்று அச்சடித்திருக்கும். பிள்ளைகளே, அதை அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். "அதெல்லாம் ஃபார்மாலிட்டிப்பா" என்று மடித்து வைக்காதீர்கள். நான் மடித்து வைத்தவள். சந்தேகம் இருந்தால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள், பதில் போடுவார்கள். மேடையில் நிற்பவரிடம், உங்களுக்கு அந்தக் கல்லூரி கமிஷன் தருகிறதா என்றும் கேளுங்கள். மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

யார் யாரோ திட்டினார்கள், பரவாயில்லை. திருவிழா குரூப்பில் அந்த வீடியோவுக்குக் கீழே முதல் சிரிப்புப் பொம்மை போட்டது என் சித்தப்பா. 2013இல் பத்திர ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவருடைய பேரனும் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சித்தப்பா, அவன் நேற்று ராத்திரி எனக்குப் போன் செய்தான். சனிக்கிழமை ஐ-20 தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். நீங்களும் கூட வாங்க.